மாரிக்கு முன் வீடு: கிழக்கிலங்கையிற் சூறாவளியும் இல்லத்து ஆயத்தமும்

சூறாவளியைப் பற்றி எழுதப் புகுவோர் காற்றின் வேகத்தையும், இறந்தோர் தொகையையும், நிவாரணத்துக்குச் செலவான பணத்தையும் குறித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குச் சென்றுவிடுவது வழக்கமாயுள்ளது. காற்று அடித்த இரவு வரலாற்றில் இடம்பெறுகின்றது. அதற்கு முந்திய மாதங்களில் வீடுகளில் நடைபெற்ற உழைப்பு இடம்பெறுவதில்லை. கூரையை வேய்ந்தவர் யார், விறகைச் சேர்த்தவர் யார், அரிசிப்பானையில் எவ்வளவு இருந்தது என்னும் வினாக்கள் வரலாற்றுக்குரியனவல்ல என்று கருதப்பட்டுவிட்டன போலும்.

இப்புறக்கணிப்பின் விளைவாக ஒரு கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. ‘மக்கள் அசட்டையாக இருந்தனர், எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை, ஆதலால் அழிந்தனர்’ என்பதே அக்கருத்து. ஒவ்வோர் அனர்த்தத்தின் பின்னரும் இது மீண்டும் கூறப்படுகின்றது. இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைக் கிழக்கிலங்கையின் அனுபவத்தை, சிறப்பாக 1978 ஆம் ஆண்டு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை, ஆதாரமாகக் கொண்டு இங்கு நோக்குவோம்.

1. காற்றும் காலமும்

கிழக்குக் கரையோர மக்கள் காற்றை அதன் திசைகொண்டு அறிந்தவர்கள். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது சோழகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். கடற்றொழிலும் வேளாண்மையும் இப்பெயர்களை அடிப்படையாகக் கொண்டே ஒழுங்குசெய்யப்பட்டன. ஐப்பசி தொடக்கம் தை வரையான வாடைக் காலமே மாரி. இக்காலத்திலேயே வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை வடமேற்காக நகர்ந்து தமிழகத்தையோ ஆந்திரத்தையோ அடைகின்றன. மிகச் சிலவே இலங்கையின் கிழக்குக் கரையைக் கடக்கின்றன.

இந்த ‘மிகச் சில’ என்பதே நமது ஆய்வின் முதலாவது முக்கிய செய்தி. 1907 ஆம் ஆண்டில் ஒரு கடுஞ் சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியது. அதற்கு ஒப்பான அடுத்த அடி அவ்வூருக்கு விழுந்தது 1978 இல். இடையே 71 ஆண்டுகள். 1964 டிசம்பர் 22, 23 ஆந் திகதிகளில் திருகோணமலைப் பகுதியூடாகப் புகுந்து மன்னார்வரை சென்று, பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியையும் அழித்த சூறாவளி மட்டக்களப்பாருக்கு அயலூர்ச் செய்தியாகவே இருந்தது. 1907 இல் பத்து வயதினராய் இருந்தோர் 1978 இல் எண்பதைத் தாண்டியிருப்பர். ஆண்டுதோறும் வரும் வாடையைப் பற்றிய அறிவு தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும்; எழுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் காற்றைப் பற்றிய அறிவு அவ்வாறு செல்வதில்லை. வாய்மொழி மரபின் ஆயுள் அதன் பயன்பாட்டின் அளவிலேயே தங்கியுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. வீடு வேய்தல்

எனினும் ஆயத்தம் இருக்கவில்லை என்று கூறுவது தவறாகும். மாரிக்கு முன் வீட்டைச் செப்பனிடுதல் கிழக்கிலும் வடக்கிலும் ஆண்டுச் சுழற்சியின் ஓர் அங்கமாகவே இருந்தது.

சாதாரண குடியானவனின் வீடு மண்வீடு. கப்புகளை நட்டு, வளை போட்டு, கமுகஞ் சலாகைகளைக் கைமரமாக வைத்து, தும்புக் கயிற்றால் வரிந்து, கிடுகால் வேய்வர். சுவர், வரிச்சுக் கட்டி மண் அப்பியது. கிடுகு ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் நில்லாது. ஆகவே ஆவணி, புரட்டாதி மாதங்களில், மழை தொடங்குமுன், கூரை புதுக்கப்படும். இதற்கான உழைப்பிற் பெரும்பகுதி பெண்களுடையது. தென்னோலையை நடுவே கிழித்து, வாவி நீரிலோ குளத்திலோ ஊறவைத்து, பதமானதும் பின்னியெடுப்பவர்கள் அவர்களே. தன் வீட்டுக்கென இலவசமாகவும், பிறர் வீட்டுக்கெனச் சொற்ப கூலிக்கும் இவ்வுழைப்பை அவர்கள் வழங்கினர். கூரையின் மீதேறி வேய்வது ஆண்களின் வேலை. அயலவர் கூடி ஒரு நாளில் ஒரு வீட்டை வேய்ந்து முடிப்பதும், மறுநாள் அடுத்த வீட்டுக்குச் செல்வதும் வழக்கமாயிருந்தது.

கூரையோடு வேலை முடிவதில்லை. உலர்ந்த விறகை அடுப்பின்மேற் பரணில் அடுக்குதல், சுவரின் வெடிப்புகளுக்கு மண் பூசி மெழுகுதல், குந்தை உயர்த்துதல், வளவிலிருந்து நீர் வடிந்தோட வாய்க்கால் வெட்டுதல், வேலி அடைத்தல், கருவாட்டையும் புளியையும் உப்பையும் பானைகளிற் சேமித்தல் ஆகிய யாவும் மாரிக்கு முந்திய கடமைகள். வடபகுதியில் ஒடியலும் புழுக்கொடியலும் இச்சேமிப்பில் முக்கிய இடம்பெற்றன. மண்ணெண்ணெய் வந்த பின்னர் அரிக்கன் லாம்பு ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. ‘ஹரிக்கேன்’ என்னும் ஆங்கிலச் சொல் சூறாவளியைக் குறிப்பது. காற்றில் அணையாத விளக்கு என்பதனால் அதற்கு அப்பெயர் வந்தது. அதன் பொருளை அறியாமலே நமது மக்கள் சூறாவளியின் பெயரை நாள்தோறும் மாலையில் ஏற்றிவைத்தனர் எனலாம்.

இவ்வாயத்தம் வாடையை எதிர்கொள்வதற்குப் போதுமானதாயிருந்தது. சூறாவளியை எதிர்கொள்ள அது போதுமானதல்ல. காரணம், இரண்டும் ஒரே காற்றின் கூடுதல் குறைவான வடிவங்களல்ல. வாடை ஒரு திசையிலிருந்து வீசுவது; அதற்கேற்பக் கூரையைச் சரித்து, வாயிலைத் திருப்பி வைக்கலாம். சூறாவளி சுழல்வது. கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி நகர்ந்துவரும் சூறாவளியின் மையம் ஓர் ஊரின் மேலாகச் செல்லுமாயின், முதலில் வடதிசைக் காற்று உக்கிரமாக வீசும். மையம் வந்ததும் திடீரென அமைதி நிலவும். அதன்பின் தெற்கிலிருந்து அதே உக்கிரத்துடன் காற்று எழும். வாடையே சோழகமாகத் திரும்புவது போன்ற நிலை இது. அமைதியைக் கண்டு வெளியே வந்தோரையும், வடகாற்றால் ஏற்கெனவே தளர்ந்து நின்ற சுவர்களையும் மரங்களையும் வீழ்த்துவது இந்த இரண்டாவது காற்றே. காற்றுக்கு நான்கு பெயர் வைத்திருந்த மக்களுக்கு, ஒரே இரவில் அவற்றுள் இரண்டு எதிரெதிராக வரக்கூடும் என்பதை யாரேனும் முன்கூட்டி எடுத்துக்கூறியிருப்பின், அதை விளங்கிக்கொள்வது அவர்களுக்குக் கடினமாய் இருந்திராது. அவ்வாறு கூறுவதற்கான அமைப்பு இருக்கவில்லை என்பதே உண்மை.

3. 1978 நவம்பர் 23

அன்றிரவு மட்டக்களப்பு, அம்பாறை, பொலனறுவை மாவட்டங்கள் பட்ட அழிவின் அளவு பரவலாக அறியப்பட்டதே. ஏறத்தாழ 915 பேர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் வீடுகள் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னஞ் செய்கையிற் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. மீன்பிடிக் கலங்களில் ஐந்திலொன்று அழிந்தது என்று கணக்கிடப்பட்டது.

நமது நோக்கில் இவற்றைவிட முக்கியமான இரண்டு தொகைகள் உள. ஏறத்தாழ 240 பாடசாலைக் கட்டடங்கள் சேதமுற்றன. பதினொரு நெற்களஞ்சியங்களுள் ஒன்பது அழிந்தன. வீட்டை இழந்தவன் ஓடிப் புகக்கூடிய கட்டடமும், வீட்டில் உணவில்லாதவனுக்கு உணவளிக்கக்கூடிய களஞ்சியமும் குடிசையோடு சேர்ந்தே வீழ்ந்தன என்பதை இவை காட்டுகின்றன. மண்வீட்டில் இருந்தோரின் அசட்டையே அழிவுக்குக் காரணம் என்போர், அரசு கட்டிய களஞ்சியம் வீழ்ந்தமைக்கு யாருடைய அசட்டையைக் காரணங் காட்டுவர் என்பது கேட்கப்படவேண்டிய வினா.

கட்டடத்தின் தன்மை பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். கிடுகுக் கூரை எளிதிற் பறந்துவிடும். ஆனால் அது பறக்கும்போது பிறரைக் கொல்வதில்லை. கூரை போன பின்னர் மழையில் நனைந்து கரையும் மண்சுவரே உள்ளிருப்போர்மீது விழுகின்றது. ஓட்டுக் கூரையும் தகரக் கூரையும் வேறு வகையான ஆபத்து. காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட, அதன்மீது விரைந்து செல்லும்போது அதை மேல்நோக்கி இழுக்கின்றது. வாயிலோ யன்னலோ உடைந்து காற்று உட்புகுமாயின், உள்ளிருந்தும் தள்ளப்பட்டுக் கூரை பெயர்ந்துவிடும். பறக்கும் ஓடும் தகரமும் கத்திக்கு ஒப்பானவை. ஆகவே ‘கல்வீடு காப்பாற்றும், மண்வீடு கொல்லும்’ என்று எளிமைப்படுத்துவது பொருந்தாது. கூரை கைமரத்தோடும், கைமரம் சுவரோடும், சுவர் அத்திவாரத்தோடும் பிணைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதே கேள்வி. இரும்புப் பட்டியும் ஆணியும் சீமெந்தும் விலைகொடுத்து வாங்கவேண்டியவை. தும்புக் கயிறு வீட்டிலேயே திரிக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் அறிவின் தூரமன்று, வருமானத்தின் தூரம்.

4. யாரிடம் ஆயத்தஞ் செய்யச் சொல்கின்றோம்?

இன்று வழங்கப்படும் அறிவுரைகள் யாவரும் அறிந்தவையே. சில நாட்களுக்கான உலருணவையும் குடிநீரையும் சேமித்து வையுங்கள், வீட்டருகேயுள்ள மரங்களின் கிளைகளை வெட்டுங்கள், கூரையை இறுகக் கட்டுங்கள், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றை நீர்புகாத பையில் இடுங்கள், கிணற்றை மூடுங்கள், வானொலியைக் கேளுங்கள். இவை யாவும் பயனுள்ளவை. எவரும் இவற்றை இகழ்தல் தகாது. ஆயின் ஒவ்வோர் அறிவுரையும் கேட்போனிடம் ஏதோவொன்று ஏற்கெனவே உண்டு என்று எடுத்துக்கொள்கின்றது.

உணவை எடுத்துக்கொள்வோம். சூறாவளி பெரும்பாலும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் வருகின்றது. மழையை நம்பி மாரி வேளாண்மை செய்யும் குடும்பத்தில் நெல் வீட்டுக்கு வருவது மாசி, பங்குனியில். விதைப்பு முடிந்து, பயிர் இன்னும் இளசாக நிற்கும் கார்த்திகையில் அவ்வீட்டின் பானை ஆண்டிலேயே மிகக் குறைந்த மட்டத்தில் இருக்கும். கடற்றொழிலாளரின் நிலையும் அத்தகையதே. கிழக்கில் கரைவலைக் காலம் வாடை தொடங்குமுன் முடிந்துவிடுகின்றது. அறுவடையில் திருப்பித் தருவதாகக் கூறிப் போடியாரிடமும் கடைக்காரரிடமும் கடன்படும் காலம் இது. சூறாவளிக் காலமும் பசிக்காலமும் ஒன்றே என்பதை உணராதவரால் மாத்திரமே, ‘ஒரு கிழமைக்கான அரிசியைச் சேமியுங்கள்’ என்று அறிவுறுத்திவிட்டு அமைதிகொள்ள முடியும்.

ஆளை எடுத்துக்கொள்வோம். கார்த்திகையில் வயற்கூலிகளும் முல்லைக்காரரும் பயிர்க் காவலுக்காக வாடிகளில் தங்கியிருப்பர். வீட்டில் இருப்போர் பெண்களும் முதியோரும் குழந்தைகளும். கூரையிலேறிக் கட்டும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது? வயல்வெளியில் இருப்பவனுக்கு எச்சரிக்கை எட்டுவது எவ்வாறு?

மரத்தையும் காணியையும் எடுத்துக்கொள்வோம். தென்னந் தோட்டத்திற் காவலுக்கு இருக்கும் குடும்பம் தன் கூரைமேற் சாய்ந்து நிற்கும் தென்னையை வெட்ட முடியாது. மரம் தோட்டக்காரருக்கு உரியது. வாவிக்கரையில் உறுதியின்றிக் குடியிருப்பவன் கல்வீடு கட்டத் தயங்குவான். எந்நேரமும் எழுப்பப்படலாம் என்று அஞ்சுபவன் அத்திவாரம் இடுவதில்லை. காணி உறுதியை நீர்புகாத பையில் இடச் சொல்கின்றோம்; உறுதியே இல்லாதவனிடம் எதை இடச் சொல்வது? வெள்ளம் முதலில் ஏறும் தாழ்நிலமும், கடற்பெருக்கு முதலில் எட்டும் கரையோரமும் ஏழைகளின் கையில் இருப்பது தற்செயலானதன்று. நிலவுடைமை உறவுகள் தாம் பாதுகாப்பான மேட்டு நிலத்தை யார் பெறுவர் என்பதை முன்னரே தீர்மானித்துவிட்டன. இயற்கை எல்லோரையும் ஒருங்கே தாக்குகின்றது என்பது உண்மை. அது தாக்கும் இடத்தில் யார் நிற்கின்றனர் என்பதைச் சமூகமே தீர்மானித்திருக்கின்றது.

5. ஆயத்தம் பொதுமையாகும்போது

இவ்விடத்து, இல்லத்து ஆயத்தம் பயனற்றது என்று நாம் கூறுவதாக எவரும் கருதலாகாது. அது எப்போது பயன்தரும் என்பதே பிரச்சினை. இதே வங்காள விரிகுடாவின் பிற கரைகளின் அனுபவம் இதற்கு விடை தருகின்றது.

1970 நவம்பர் 12 ஆந் திகதி அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய சூறாவளியில் குறைந்தது மூன்று இலட்சம் பேர் மாண்டனர். பங்களாதேஷ் உருவானபின், 1972 இல், கிராமந்தோறும் தொண்டர்களைக் கொண்ட சூறாவளி ஆயத்தத் திட்டம் தொடங்கப்பட்டது. உயர்ந்த தூண்களின்மேற் புகலிடங்கள் கட்டப்பட்டன. 2007 இல் சிட்ர் என்னும் கடுஞ் சூறாவளி அங்கு வந்தபோது இறந்தோர் தொகை ஆயிரக் கணக்கில் இருந்தது; இலட்சக் கணக்கில் அன்று. ஒடிசாவில் 1999 ஒக்டோபர்ச் சூறாவளியில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். 2013 ஒக்டோபரில் பைலின் வந்தபோது ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. இவ்விடைக்காலத்தில் அம்மக்கள் யாவரும் செல்வராகிவிடவில்லை. பெரும்பாலோர் அதே மண்வீடுகளிலேயே வாழ்ந்தனர். மாறியது வீடன்று, வீட்டைவிட்டுச் செல்வதற்கு ஓர் உறுதியான பொதுக் கட்டடமும், அங்குச் செல்லுமாறு வந்து அழைப்பதற்கு அறிமுகமான ஒரு தொண்டரும் இருந்தமையே மாற்றம்.

நமது நாட்டில் இத்தகைய அமைப்பு பிந்தியே வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர், 2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. அதன்வழி அனர்த்த முகாமைத்துவ நிலையமும் தோன்றியது. 1978 இன் அழிவுக்கும் இச்சட்டத்துக்கும் இடையே 27 ஆண்டுகள் கழிந்தன. அவற்றுட் பெரும்பகுதியைப் போர் விழுங்கியது. 2020 டிசம்பர் 2 ஆந் திகதி புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தபோது, கரையோர மக்கள் ஆயிரக் கணக்கில் முன்கூட்டியே அகற்றப்பட்டிருந்தனர். உயிரிழப்பு மிகச் சொற்பமே. புரெவி 1978 இன் சூறாவளியைப் போன்று வலியதன்று என்பதை மறக்கலாகாது. ஆயினும் எச்சரிக்கை மக்களை எட்டுமாயின் மக்கள் அசைவர் என்பதை அது காட்டிற்று.

ஐந்து ஆண்டுகளின் பின், 2025 நவம்பர் இறுதியில், டித்வா சூறாவளி கிழக்குக் கரைவழி புகுந்தது. இம்முறை பெருந்தொகையானோர் மாண்டது கரையோரத்தில் அன்று, மலைநாட்டில். காற்றன்றி மழையும் மண்சரிவுமே கொன்றன. நாடளாவ அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சூறாவளி கரையோரத்தாருக்கு உரியது என்று கருதிய மலைநாட்டார், 1907 ஐ மறந்திருந்த மட்டக்களப்பாரின் இடத்தில் நின்றனர். ஒன்றில் காலத்தின் தூரம், மற்றதில் இடத்தின் தூரம். இரண்டிலும் அனுபவம் கைம்மாறவில்லை. மலையகத்தில் உடைமையின் வினா இன்னுங் கூர்மையாக எழுகின்றது. லயன் அறையிற் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளி தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தும், அந்த அறைக்கோ அது நிற்கும் சரிவுக்கோ உரிமையாளன் அல்லன். கூரையைப் பிணைப்பதற்கும், மண்ணை அணைப்பதற்கும், வேறிடம் பெயர்வதற்கும் அவன் மற்றவர் அனுமதியை வேண்டி நிற்பவன். அத்தகையவனிடம் ‘உமது வீட்டை ஆயத்தஞ் செய்யும்’ என்று கூறுவதில், ‘உமது’ என்னும் சொல்லே பொருந்தாதிருக்கின்றது.

6. முடிவாக

கிழக்கிலங்கை மக்கள் மாரியை எதிர்பார்த்து ஆண்டுதோறும் உழைத்தவர்கள். அவ்வுழைப்பு, குறிப்பாகப் பெண்களின் உழைப்பு, நமது சமூக வரலாற்றில் இடம்பெறவேண்டியது. 1978 இல் அவர்கள் அழிந்தது அசட்டையால் அன்று. அவர்களுடைய அறிவு ஆண்டுக் காற்றுக்கு உரியது. எழுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் காற்றைப் பற்றிய அறிவைக் காத்து வழங்குவது எந்த ஒரு குடும்பத்தாலும் இயலாதது. அது பொது நிறுவனங்களின் கடமை. அக்கடமை நிறைவேறாதபோது, அதன் பளு குடும்பத்தின்மீது ஏற்றப்படுகின்றது. குடும்பம் முறியும்போது பழியும் அதன்மீதே சுமத்தப்படுகின்றது.

அண்மைக் காலங்களிற் கிடுகு மறைந்து, தகரமும் கல்நார்த் தகடும் ஓடும் வந்துவிட்டன. அயலவர் கூடி வேயும் வழக்கமும் அருகிவிட்டது. ஆயினும் புதிய கூரையைக் கட்டிப்பிடிக்கும் முறை கூரையோடு சேர்ந்து வரவில்லை. பழைய ஆயத்தத்தை இழந்தோம், புதியதைப் பெறவில்லை. இவ்விடைநிலையே மிகவும் ஆபத்தானது.

ஆகவே மாரிக்கு முன் வீட்டுக்கூரையைக் கட்டுமாறு சொல்லும் அதே குரல், ஊர்ப் பாடசாலையின் கூரை கட்டப்பட்டுவிட்டதா என்றும் கேட்கவேண்டும். அரிசியைச் சேமிக்கச் சொல்லும் குரல், கார்த்திகையில் அரிசி வாங்கும் கூலி உண்டா என்றும், ஊர்க் களஞ்சியத்தில் நெல் உண்டா என்றும் கேட்கவேண்டும். ஆவணங்களைப் பாதுகாக்கச் சொல்லும் குரல், பாதுகாக்கத்தக்க காணி உறுதியை அவர்களுக்கு வழங்குமாறும் கேட்கவேண்டும். இவ்வினாக்களை ஆவணியிற் கேட்போமாயின் அது ஆயத்தம். மார்கழியிற் கேட்போமாயின் அது வெறும் இரங்கலுரை.